கட்டி வைத்த சுத்தியல்

“ஏலாது, ஏலாது எண்டு எல்லாரும் சொல்லினம். ஆனா ஒருத்தரும் போய்ப் பார்க்கேல்லை!”

மிதுஷா வரைபடத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்தாள். அது சுருளாமல் இருக்க மூலைகளில் தேநீர்க் கோப்பைகளை வைத்தாள்.

சுவிட்சர்லாந்தின் வாலிஸ் மாநிலத்தில், பெரிய பள்ளத்தாக்கிலிருந்து பிரிந்து மலைக்குள் ஏறும் சின்னப் பள்ளத்தாக்கு ஒன்று. அதில் அவள் சிவப்புப் பேனையால் கீறியிருந்த கோடு குதிரை லாடம் போல வளைந்திருந்தது. அடிவளைவில் ருபெலன் கிராமம். இடது கையின் மேல்நுனியில் ஹோல்ஸ்மாட். வலது கையின் மேல்நுனியில் இன்னர்பிர்க். மூன்றுக்கும் தார்ச்சாலை உண்டு. ஆனால் ஹோல்ஸ்மாட்டிலிருந்து எதிரே தெரியும் இன்னர்பிர்க்குக்குப் போக வேண்டுமானால், ருபெலன் வரை இறங்கித்தான் மறுபடி ஏற வேண்டும். மேலே லாடத்தின் வாய் திறந்தே கிடந்தது. அங்கே இருந்தவை பாறை, பனியாற்று ஓடை, ஒரு பெரிய கற்சரிவு.

“இந்த வாயை மூடினா வட்டம் முடிஞ்சுது,” என்றாள் மிதுஷா. “மூண்டு ஊர், ஒரே நாள், சைக்கிள் மட்டும்!”

“சைக்கிளுக்குச் செட்டை முளைச்சா மூடலாம்,” என்றான் ரெஜி.

ரெஜி பள்ளத்தாக்கு நகரத்தில் ஒரு உணவகச் சமையலறையில் வேலை செய்பவன். வாயும் கையும் ஒரே வேகம். மிதுஷா உடற்பயிற்சிச் சிகிச்சை படிக்கும் மாணவி. ஊர்ச் சைக்கிள் கழகம் ஒவ்வொரு கோடையிலும் ஒரு புதிய பாதையில் பெரிய ஓட்டம் நடத்தும். ‘இந்த முறை பழைய பாதையே போதும்’ என்று தலைவர் சொன்னபோது, மேசையில் அடித்து மறுத்தவள் அவள். ‘அப்படியானால் நீயே ஒன்று கண்டுபிடி’ என்று விட்டார்கள். அடுத்த கூட்டத்துக்கு அவள் ஒரு முழு வட்டத்தோடு போக வேண்டும். இல்லாவிட்டால் இனி அவள் வாயைத் திறக்க முடியாது.

மூன்றாவது ஆள், ரெஜியின் நண்பன் நிரோஜன். நில அளவை அலுவலகம் ஒன்றில் வரைபடங்களைத் திருத்துவது அவன் வேலை. அவனுடைய மனைவி இறந்து இது இரண்டாவது கோடை. மிதுஷா அவளுடைய தங்கை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் வருவதை நிறுத்திய பிறகும் அவள் வந்துகொண்டிருந்தாள். இப்போதெல்லாம் வரைபடத்தோடு வந்தாள். கூப்பிட்டால் அவன் போவான், கூப்பிடாவிட்டால் வீட்டில் இருப்பான். அவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

“அத்தான், நீங்கள் சொல்லுங்கோ.”

நிரோஜன் கோப்பையொன்றை நகர்த்திவிட்டு விரலை வைத்தான்.

“ரெண்டு வழி இருக்கு. இடப்பக்கம் ஹோல்ஸ்மாட் வாய்க்கால். ஓடையின்ர தலையில தண்ணியைப் பிரிச்சு, மலை விளிம்பால ஊருக்குக் கொண்டு வாறாங்கள். வாய்க்கால் எண்டா ஏற்ற இறக்கம் இராது. அதின்ர கரைப் பாதை சைக்கிளுக்கு நல்லது, உடையாமல் இருந்தால். வலப்பக்கம் ஒரு புள்ளிக்கோடு.”

இன்னர்பிர்க்குக்கு மேலே, கடைசி மாட்டுக்கொட்டிலிலிருந்து அந்தப் புள்ளிக்கோடு புறப்பட்டது. கற்சரிவின் நடுவே காணாமற் போனது.

“ஒரு காலத்தில மாடு போன பாதை. பனிச்சரிவு கொண்டு போயிருக்கும்.”

“மாடு போனா நாங்களும் போவம்,” என்றாள் மிதுஷா.

“மாட்டுக்கு நாலு கால்,” என்றான் ரெஜி.

வெள்ளிக்கிழமை விடுப்பு எடுப்பது என்று முடிவாயிற்று. காலையில் இடப்பக்கம், பின்னேரம் வலப்பக்கம்.

*

வெள்ளி காலை மூவரும் ருபெலனிலிருந்து மிதித்தார்கள். வளைவுக்கு மேல் வளைவு. ஹோல்ஸ்மாட்டை அடைந்தபோது ரெஜியின் முகம் தக்காளியாகச் சிவந்திருந்தது. ஊர் நடுவே மரத்தொட்டி ஒன்றில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அதில் போத்தலை நிரப்பக் குனிந்தவனை ஒரு குரல் நிமிர்த்தியது.

“எங்கே போறீங்கள்?”

ஒரு பெண், நாற்பது வயதிருக்கும். முழங்கால் வரை சப்பாத்து, தோளில் மண்வெட்டி. மார்லிஸ் என்று பெயர் சொன்னாள். மஞ்சள் தபால் பேருந்து ஓட்டுபவள். இந்தக் கிழமை பேருந்து இல்லை. ஊரின் வாய்க்காலை வீட்டுக்கு ஏழு நாள் என்று முறை வைத்துக் காப்பார்கள். இந்தக் கிழமை அவளுடைய முறை. அவள் பேசியது மலை ஜெர்மன். அந்த மண்ணிலேயே வளர்ந்த நிரோஜனுக்கு அது எப்போதும் தமிழாகவே காதில் விழும்.

“வாய்க்கால் கரையால ஓடையின்ர தலை வரைக்கும் போகலாமோ எண்டு பாக்க வந்தனாங்கள்,” என்றாள் மிதுஷா.

“நீர்ச்சக்கரம் நிக்கிற இடம் வரைக்கும் போங்கோ. அதுக்கங்கால பாறையில அடிச்ச பலகைப் பாதை. சைக்கிள் போகாது. மத்தியானத்துக்குப் பிறகு ஆளும் போகப்படாது. வெயில் ஏற மேல கிடக்கிற பனி இளகும், கல்லு வரும்.”

“தலைக்குப் போக வேற வழி?”

மார்லிஸ் வீடுகளுக்குப் பின்னால் செங்குத்தாக ஏறிய ஒற்றையடிப் பாதையைக் கண்ணால் காட்டினாள்.

“அது எங்கட குறுக்குப் பாதை. அதால ஏறினா நேரே தலை மதகு. ஆனா உங்களுக்கு இல்லை. ஒரு சைக்கிள் பிரேக்கைப் பிடிச்சு இறங்கினா மண் கீறும். கீறின இடத்தால மழைத்தண்ணி ஓடும். அடுத்த வருசம் பாதையே இராது.”

“நாங்கள் வடிவாத்தான் ஓடுவம்.”

“எல்லாரும் வடிவாத்தான் ஓடுறவை,” என்றாள் மார்லிஸ். “தார் ரோட்டால வாங்கோ, தண்ணி குடியுங்கோ, தார் ரோட்டாலயே போங்கோ.”

அவள் கீழ் வயலுக்கு இறங்கிப் போனாள்.

“பேருந்திலயும் இப்பிடித்தான் ஆக்களை இறக்கி விடுவாவாக்கும்,” என்று முணுமுணுத்தான் ரெஜி.

வாய்க்கால் கரை அருமையாக இருந்தது! ஒரு பக்கம் தெளிந்த நீர், மறு பக்கம் பள்ளம், நடுவில் ஊசியிலை விரித்த மெத்தைப் பாதை. ஓரிடத்தில் மட்டும் சேறு. ரெஜி நேரே அதற்குள் விட்டான். செயினும் கியரும் கறுப்புக் களியாகிவிட்டன. சிறிது தூரத்தில் ‘டொக்... டொக்...’ என்று ஒரு சத்தம் கேட்கத் தொடங்கியது. திருப்பத்தில் நீர்ச்சக்கரம் நின்றது.

இடுப்பளவு உயரம். வாய்க்கால் நீர் அதைச் சுழற்றியது. சக்கரத்தின் அச்சில் இருந்த ஒரு கட்டை, சுற்றுக்கு ஒரு தடவை மரச்சுத்தியல் ஒன்றைத் தூக்கிப் போட்டது. சுத்தியல் கீழே ஒரு பலகையில் அடித்தது. பாறைச்சுவர் அந்த அடியை வாங்கிப் பள்ளத்தாக்கு முழுவதும் எறிந்தது.

“பொம்மையோ உது?” என்றான் ரெஜி.

“சுற்றுலாக்காரருக்கு வைச்சிருப்பினம்,” என்றாள் மிதுஷா. அவள் கண் அதற்கப்பால் இருந்தது.

பலகைப் பாதை அங்கேதான் ஆரம்பித்தது. செங்குத்துப் பாறையில் இரும்புக் கம்பிகளை அடித்து, அவற்றின் மேல் பலகை. தோளகலம்கூட இல்லை. கீழே எட்டிப் பார்த்தால் ஓடை நூல் போலத் தெரிந்தது. மிதுஷா சைக்கிளைத் தூக்கி இரண்டடி வைத்தாள். ஹேண்டில் பாறையில் முட்டியது. பின்னுக்கு வந்தாள்.

“இடப்பக்கம் இல்லை,” என்றான் நிரோஜன்.

மிதுஷா ஒரு கல்லை எடுத்துப் பள்ளத்தில் எறிந்தாள்.

ரெஜிக்கு அப்போதுதான் அந்த அற்புத யோசனை வந்தது. “மச்சான், இஞ்ச பார். இந்தச் சக்கரத்தில என்ர பின் டயரை முட்ட வைச்சா அதுவே சுத்தும். நான் செயினுக்குத் துணி பிடிக்கிறன். கையால பெடலைச் சுத்தத் தேவையில்லை!”

முட்ட வைத்துப் பார்த்தார்கள். சக்கரம் சுற்றியது, டயரும் சுற்றியது. ஆனால் சுத்தியல் தூக்கி விழும்போதெல்லாம் சக்கரம் திக்கியது, டயர் துள்ளியது. நிரோஜன் தன் பையிலிருந்து ஒரு பழைய டியூப் துண்டை எடுத்தான். சுத்தியலைத் தூக்கி மேல்சட்டத்தோடு சேர்த்துக் கட்டினான். சைக்கிள்காரன் எதையும் டியூப் துண்டால் கட்டுவான். கை தானாகவே அதைச் செய்தது.

இப்போது சக்கரம் எண்ணெய் போட்டது போல ஓடியது. செயின் பளபளத்தது. ரெஜி ஒரு நடனமே ஆடினான்.

“காணும், வாங்கோ!” என்று கத்தினாள் மிதுஷா. “மற்றப் பக்கத்தைப் பாக்கோணும். கெதியா!”

அங்கிருந்து காட்டுவழி ஒன்று, ஹோல்ஸ்மாட்டைத் தொடாமல், நேரே ருபெலனுக்கு இறங்கியது. மூவரும் அதில் பாய்ந்தார்கள். சுத்தியல் கட்டியபடியே நின்றது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

*

இன்னர்பிர்க்கில் ஏறி முடித்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. ஆறேழு மரவீடுகள், ஒரு பாற்கட்டி ஆலை. அதன் வாசலில் வெள்ளை ரப்பர்ச் சப்பாத்து அணிந்த ஒருவன் தொலைபேசியைக் காதில் வைத்தபடி எதிர்மலையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அடுத்த வீட்டு வாசலில் இரண்டு பெண்கள். அவர்களும் அதே திசையில். ஒருவரும் பேசவில்லை.

“என்ன பாக்கினம்?” என்று மெல்லக் கேட்டான் ரெஜி.

“பாக்கேல்லை,” என்றான் நிரோஜன். “காது குடுக்கினம்.”

வெள்ளைச் சப்பாத்துக்காரன் பெனி. பாற்கட்டி செய்பவன். தொலைபேசியை இறக்கிவிட்டுத் தலையை ஆட்டினான்.

“தொடர்பு இல்லை. மலை இடுக்குக்குள்ள போயிட்டா.”

“ஆர்?” என்றாள் மிதுஷா.

“எங்கட மார்லிஸ். ஹோல்ஸ்மாட்டில சுத்தியல் நிண்டு போச்சு. இஞ்சயிருந்தும் கேக்கிறது, இப்ப இல்லை. கீழ் வயலில நிண்டதால அவாவுக்குத் தெரியேல்லை. சாப்பிட வந்த பிறகுதான் கவனிச்சவா. மேல ஏறுறன் எண்டு எனக்கு எடுத்துச் சொல்லிப்போட்டு வெளிக்கிட்டிட்டா.”

“சுத்தியல் நிண்டா என்ன?” என்று கேட்டான் ரெஜி. கேட்கும்போதே அவன் குரல் இறங்கிவிட்டது.

“முழுத்தண்ணியும் வந்தாத்தான் சுத்தியல் அடிக்கும், குறைஞ்சாலே நிண்டிடும். நிண்டுதெண்டா மேல எங்கேயோ வாய்க்கால் உடைஞ்சிட்டுது. உடைஞ்ச தண்ணி மலைச்சரிவை ஊறப்பண்ணும். மண் அப்பிடியே வீடுகளுக்கு மேல வரும். அதால முதல் வேலை, குறுக்குப் பாதையால ஏறித் தலை மதகை அடைக்கிறது. பேந்து மேலயிருந்து கீழ வாய்க்காலோட நடந்து உடைப்பைத் தேடுறது.”

“பலகைப் பாதையாலயோ?” என்றான் நிரோஜன்.

“வேற எதால?”

“மத்தியானம் திரும்பீட்டுது. கல்லு விழுமே.”

“அது அவாவுக்குத் தெரியாதோ?” என்றான் பெனி. “தெரிஞ்சும் போவா. அவாவின்ர முறை.”

நிரோஜன் தன் பையைத் திறந்தான். டியூப் துண்டு இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. பையை மூடினான்.

“வாய்க்கால் உடையேல்லை,” என்றான். “நான் சுத்தியலைக் கட்டிவிட்டனான். அவிழ்க்கேல்லை.”

பெனி அவனைப் பார்த்தான். பிறகு அவன் சைக்கிளைப் பார்த்தான். திட்டுவான் என்று மூவரும் எதிர்பார்த்தார்கள். அவன் சட்டைப் பையில் வாகனச் சாவியைத் தேடினான்.

“ஹோல்ஸ்மாட்டில பகலில ஆக்கள் இல்லை, எல்லாரும் கீழ வேலைக்குப் போயிட்டினம். நான் ஜீப்பில சுத்திப் போய், குறுக்குப் பாதையால ஏறுறன். ஆனா நான் ஏறி முடிக்க அவா பலகைக்கு வந்திடுவா.”

“இஞ்சயிருந்து நேரே?” மிதுஷா எதிர்மலையைக் காட்டினாள். “கற்சரிவால?”

“அந்தப் பாதை போய்க் கனகாலம்.”

“போனதுதான். ஆனா அங்கால மதகடியில்தானே போய் ஏறும்?”

“ஏறும்,” என்றான் பெனி. “நீங்கள் அதுவரைக்கும் போய்ச் சேர்ந்தா.”

மிதுஷா ஹெல்மெட்டை இறுக்கினாள். வட்டம், கழகம், கூட்டம் எல்லாம் அவள் முகத்தை விட்டுப் போயிருந்தன.

“அத்தான்?”

“வெளிக்கிடு,” என்றான் நிரோஜன்.

*

கடைசிக் கொட்டில் வரை புல்வெளிப் பாதை. மிதித்தார்கள், எழுந்து நின்று மிதித்தார்கள். மாடுகள் தலையைத் தூக்கிப் பார்த்தன. கொட்டிலுக்கு அப்பால் மலை சாம்பல் நிறமாக மாறியது. முழுச்சரிவும் கல். தட்டுத் தட்டாக, கத்தி கத்தியாக, உச்சியிலிருந்து ஓடை வரை. பாதை அதன் விளிம்பில் வெட்டியது போல நின்றது.

“இதாலயோ!” என்றான் ரெஜி. “கடவுளே!”

நிரோஜன் சைக்கிளிலிருந்து இறங்கவில்லை. ஒரு காலை ஊன்றி எதிர்விளிம்பையே பார்த்தான். மாட்டுக்காகப் பாதை வெட்டியவர்கள் திடீரென்று ஏற்ற மாட்டார்கள், இறக்க மாட்டார்கள். இதுவரை வந்த சாய்வு அப்படியே தொடர்ந்திருக்க வேண்டும். அந்தச் சாய்வை அவன் கண்ணால் நீட்டினான். எதிர்க்கரையில், அது போய் முட்டிய இடத்தில், அடுக்கிய கற்கள் சில தெரிந்தன. இயற்கை கல்லை அப்படி அடுக்காது.

“அந்தா தெரியுது மறுமுனை. அதில கண்ணை வைச்சு வாங்கோ. கீழ பாக்க வேண்டாம். பெரிய தட்டையான கல்லில மட்டும் கால் வையுங்கோ, அதுகள் பழைய பாதையின்ர கல்லு.”

அவன் முதலில் இறங்கினான். பழைய கற்கள் அங்கங்கே அசையாமல் கிடந்தன. அவை இருந்த இடத்தில் ஏறி மிதித்தார்கள். இல்லாத இடத்தில் சைக்கிளைத் தோளில் போட்டார்கள். காலுக்குக் கீழே கற்கள் கண்ணாடி நொறுங்குவது போலச் சத்தமிட்டு ஓடின.

பாதி வழியில் ரெஜியின் கால் சறுக்கியது!

“மச்சான்!”

அவன் மல்லாக்க விழுந்து கற்களோடு ஓடத் தொடங்கினான். நிரோஜன் பாய்ந்து அவன் பையின் வாரைப் பிடித்தான். வார் இழுபட்டது. மிதுஷா பின்னாலிருந்து நிரோஜனின் இடுப்பைப் பிடித்தாள். மூவரும் ஒரு கை அளவு சறுக்கினார்கள், பிறகு நின்றார்கள். ரெஜியின் சைக்கிள் மட்டும் நிற்கவில்லை. அது தனியே கரணம் போட்டுக்கொண்டு இறங்கி, வெகு கீழே ஒரு பாறையில் மோதி, சக்கரம் மேலே சுற்றக் கிடந்தது.

“செயின் கழுவினது வீண்,” என்றான் ரெஜி. பல் கிடுகிடுத்தது. “என்னைப் பார்க்காதேங்கோ. போங்கோ, போங்கோ! நான் நடந்து வாறன்.”

எதிர்க்கரையின் அடுக்குக் கல்லில் நிரோஜன் கை வைத்தபோது ஓடையின் இரைச்சல் காதை அடைத்தது. சின்ன மரப்பாலம். அதற்கப்பால் தலை மதகு. மதகுப் பலகை கீழே இறங்கியிருந்தது. வாய்க்கால் வெறும் ஈரமாகக் கிடந்தது.

“அடைச்சிட்டா!” என்றாள் மிதுஷா. “உள்ள போயிட்டா.”

பலகைப் பாதையின் மேல்வாய் சில அடிகளில் இருந்தது. அதற்கு நேர் மேலே, வெயிலில் மின்னும் பழைய பனித்திட்டு ஒன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் ஓரத்தில் தூசி புகைந்தது. ஒரு கணம் கழித்துக் கற்கள் வந்தன. பலகையில் பட்டவை பட்டாசு போல வெடித்தன.

“மார்லிஸ்!” இருவரும் சேர்ந்து கத்தினார்கள். ஓடை அந்தக் கத்தலைத் தின்றது.

“அத்தான், முதல் தூசி கிளம்புது. பேந்துதான் கல்லு வருது. நான் இஞ்ச நிண்டு மேல பாக்கிறன். விசில் அடிச்சா பாறையோட ஒட்டுங்கோ. ரெண்டு தரம் அடிச்சா ஓடுங்கோ.”

நிரோஜன் உள்ளே போனான். பலகை ஈரமாக இருந்தது. வலது கையால் பாறையில் அடித்திருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டே நடந்தான். பயம் வரும் என்று பார்த்தான். வரவில்லை. அதையும் ஒரு செய்தி போலக் குறித்துக்கொண்டு நடந்தான். விசில் கேட்டது, ஒட்டினான். முதுகுக்குப் பின்னால் காற்று கிழிந்தது. இரண்டு விசில். ஓடினான்.

வளைவுக்கு அப்பால், பாறை சற்றே உள்வாங்கிய இடத்தில், மார்லிஸ் குந்தியிருந்தாள். அவளுக்கு முன்னால் ஒரு பலகை உடைந்து தொங்கியது. இடது சப்பாத்தைக் கழற்றியிருந்தாள். கணுக்கால் பருத்திருந்தது.

“நீயோ!” என்றாள். “உடைப்பு எங்க? கீழ பார்த்தனியோ?”

“உடைப்பு ஒண்டும் இல்லை. நான் சுத்தியலைக் கட்டினனான். சைக்கிள் கழுவ. அவிழ்க்க மறந்துபோனன்.”

மார்லிஸ் உடைந்து தொங்கிய பலகையைப் பார்த்தாள். பிறகு அவள் சொன்ன சொற்களில் சில, நிரோஜனுக்குத் தமிழாகக் காதில் விழவில்லை. அந்த மலையில் மட்டும் இருக்கும் சொற்கள். சொல்லி முடித்து, கையில் இருந்த சப்பாத்தால் அவன் ஹெல்மெட்டில் ஓங்கி ஒன்று போட்டாள்.

“சைக்கிள் கழுவ!”

“ஓம்.”

“எனக்கு ரெண்டு பிள்ளையள். பள்ளிக்கூடத்தால வந்து கதவடியில நிக்குங்கள்.”

“ஓம்,” என்றான் நிரோஜன். முதுகைக் காட்டிக் குனிந்தான். “ஏறுங்கோ.”

அவள் ஏறினாள். பாரமாக இருந்தாள். கழுத்தைச் சுற்றி இறுகப் பிடித்தாள். வெளியே ஒரு விசில். ஒட்டினான். கற்கள் வந்தன. ஒரு கல் ஹெல்மெட்டின் விளிம்பைச் சீவிக்கொண்டு போயிற்று. அப்போதுதான் அவனுக்குப் பயம் வந்தது. தனக்குப் பின்னால் ஒருத்தி மூச்சு விடுகிறாள், அந்த மூச்சு தன் காலடியை நம்பி இருக்கிறது என்று அவனுக்கு உறைத்தது. கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தான். இரண்டு விசில். அவன் ஓடவில்லை, அடி பார்த்து வேகமாக நடந்தான். மறுபடி விசில், மறுபடி ஒட்டல். வளைவு. கடைசிப் பலகை. மிதுஷாவின் கை அவன் சட்டையைப் பற்றி மண்ணுக்கு இழுத்தது.

பின்னால் பலகைப் பாதை முழுவதும் பட்டாசாக வெடித்தது.

*

ரெஜி நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்திருந்தான். மிதுஷா கணுக்காலைத் தடவிப் பார்த்து, தன் கழுத்துத் துணியால் இறுக்கிக் கட்டினாள்.

“முறிவு மாதிரித் தெரியேல்லை. ஆனா மிதிக்கேலாது. பெனி வந்ததும் ஹெலிகொப்டரைக் கூப்பிடுவம்.”

“கணுக்காலுக்கு ஹெலிகொப்டரோ? ஊர் சிரிக்கும்,” என்றாள் மார்லிஸ். “முதல் மதகைத் திற. நீ, குண்டன், நீதான்.”

ரெஜி மதகுப் பலகையைத் தூக்கினான். தண்ணீர் வாய்க்காலுக்குள் பாய்ந்தது.

குறுக்குப் பாதை அவர்கள் காலடியிலிருந்து ஹோல்ஸ்மாட்டுக்கு இறங்கியது. முதுகில் சுமந்து இறங்க முடியாத செங்குத்து. மார்லிஸ் பாதையைப் பார்த்தாள். பிறகு மிதுஷாவின் சைக்கிளைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

“உதில மிதிக்காமல் இறங்கலாமோ?”

“இருக்கை தாழ்த்தினா ஏலும்,” என்றாள் மிதுஷா. “பிரேக் ரெண்டையும் மெல்ல மெல்லப் பிடிக்கோணும். இறுக்கிப் பிடிச்சா சில்லு நிக்கும், மண் கீறும்.”

“பேருந்து ஓட்டுறவளுக்கு பிரேக் சொல்லித் தாறாய்?”

ஏற்றி வைத்தார்கள். நிரோஜன் இருக்கையைப் பின்னாலிருந்து பிடித்தான். மிதுஷா முன்னே ஓடி, வளைவுக்கு வளைவு வழி சொன்னாள். முதல் வளைவில் மார்லிஸ் கூச்சலிட்டாள். இரண்டாவதில் திட்டினாள். மூன்றாவதில் நிரோஜனின் கையைத் தட்டிவிட்டாள்.

“விடு! நீ பிடிச்சா வளைக்கேலாமல் கிடக்கு.”

விட்டான். அவள் போனாள். கல்லுக்குக் கல் சில்லை வைத்து, பேருந்தை வளைப்பது போல அகலமாக எடுத்து, நொந்த காலை வெளியே நீட்டியபடி போனாள். ஏறி வந்துகொண்டிருந்த பெனி வாயைத் திறந்துகொண்டு பாதையோரம் ஒதுங்கினான்.

நிரோஜன் பின்னால் நடந்து வந்தவன் மண்ணைப் பார்த்தான். டயரின் பூ மட்டும் பதிந்திருந்தது. கீறல் இல்லை.

அன்று பின்னேரமே அவன் நீர்ச்சக்கரத்துக்குப் போய் டியூப் துண்டை அவிழ்த்தான். மரத்தொட்டியடியில் ஊரார் பத்துப் பதினைந்து பேர் கூடினார்கள். கோபமான பேச்சு நிறைய நடந்தது. ரெஜி எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். முடிவை மார்லிஸ் சொன்னாள். கால் உயர்த்திக் கட்டிய நிலையில், பெனி கொண்டு வந்த பாற்கட்டியைக் கடித்தபடி சொன்னாள்.

“என்ர காலை நீதான் எடுத்தனி. அதால என்ர முறையை நீ பார். கால் சுகமாகிற வரைக்கும்.”

“சரி,” என்றான் நிரோஜன்.

“சைக்கிள் விசயம்?” என்று கேட்டாள் மிதுஷா. மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

“காஞ்ச நாளில வரலாம். மழை பெய்ஞ்சா வரப்படாது. இறக்கத்தில சில்லு நிப்பாட்டினவனைக் கண்டால் சைக்கிளோட தொட்டிக்குள்ள போடுவன்.” அவள் சற்று யோசித்தாள். “ஆர் என்ன சொன்னாலும் அந்தப் பாதையால முதல் இறங்கினது நான்தான். அதை எல்லாருக்கும் சொல்லோணும்.”

*

கழகக் கூட்டத்துக்கு மிதுஷா முழு வட்டத்தோடு போனாள். தலைவர் இரண்டு தடவை வரைபடத்தைத் திருப்பிப் பார்த்தார். மூன்று சனிக்கிழமைகள் கழக உறுப்பினர்களும் பெனியும் இன்னர்பிர்க் இளைஞர்களும் சேர்ந்து, பனி இறுகிக் கிடந்த காலை நேரங்களில், கற்சரிவில் தட்டைக் கற்களைப் பதித்தார்கள். ரெஜி கீழே போய்த் தன் சைக்கிளின் மிச்சத்தைத் தூக்கி வந்தான். மணி மட்டும் வேலை செய்தது.

ஓட்டத்துக்கு முன் மிதுஷா எல்லாரையும் நிறுத்தி ஒன்று சொன்னாள். “மலையில ஒரு பொருளைக் கண்டா, அது என்ன செய்யுது எண்டு அந்த ஊர் ஆக்களைக் கேளுங்கோ. கேட்டுப்போட்டுக் கை வையுங்கோ.” அவ்வளவுதான். ஏன் என்று அவள் விளக்கவில்லை. ரெஜி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான்.

அறுபதுக்கு மேற்பட்ட சைக்கிள்கள் கற்சரிவைக் கடந்து தலை மதகுக்கு வந்தபோது, மார்லிஸ் பேருந்துக்குத் திரும்பிய பிறகும் அவளுடைய முறையை விடாத நிரோஜன் முழங்காலளவு நீரில் நின்று, மதகின் கம்பிவலையில் சிக்கிய சருகை அள்ளிக்கொண்டிருந்தான். ஒவ்வொருவராகக் கைதட்டிக் கத்திக்கொண்டு குறுக்குப் பாதையில் இறங்கினார்கள். மிதுஷா பாலத்தில் நின்றாள்.

“அத்தான், வாறீங்களோ?”

“முறை முடியேல்லை. அடுத்த ஆள் வரோணும்.”

“காத்துக்கொண்டு நிக்கட்டோ?”

“நீ போ. உன்ர ஓட்டம்.”

அவள் போனாள். அடுத்த முறைக்காரர் வந்து மண்வெட்டியை வாங்கியபோது வெயில் சாய்ந்துவிட்டது. நிரோஜன் தன் சைக்கிளை எடுத்தான். குறுக்குப் பாதை, ஹோல்ஸ்மாட், தார்ச்சாலை. வழியில் ஒருவரும் இல்லை. மார்லிஸ் மட்டும் தன் பேருந்தை வளைவில் நிறுத்தி, கை காட்டி அவனை முன்னே விட்டாள்.

ருபெலனில் கொண்டாட்டம் முடிந்திருந்தது. மேசைகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். கழகத் தலைவர் மிதுஷாவின் தோளில் கை போட்டு யாருக்கோ அறிமுகம் செய்துகொண்டிருந்தார். ரெஜி பெரிய சட்டியைக் கவிழ்த்துக் கழுவப் போனவன், நிரோஜனைக் கண்டதும் திகைத்து நின்றான்.

“மச்சான், ஒண்டும் மிச்சம் இல்லையடா. வெள்ளைக்காரர் கோழிக்கறியைக் கண்டபடி முடிச்சிட்டாங்கள். நீ எப்பவும் வேண்டாம் எண்டுதானே சொல்லுவாய், அதான் எடுத்து வைக்கேல்லை.”

நிரோஜன் சைக்கிளைச் சுவரில் சாய்த்தான். ஹெல்மெட்டைக் கழற்றினான்.

“பசிக்குது,” என்றான்.

மிதுஷா பேச்சை விட்டுத் திரும்பிப் பார்த்தாள். ரெஜி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சட்டியை நிமிர்த்தினான், அடுப்பைப் பற்ற வைத்தான், வெங்காயத்தை வெட்டத் தொடங்கினான்.